ஒரு டம்ளருக்கு ஒரு முழுக்கு

மீசை முளைத்துவிட்ட என் மகனுக்கு,

இதை எழுதும்போது உனக்கு மீசை இல்லை. பல் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் எண்ணிவிடலாம். அதன் கூர்மையைச் சற்று முன்புதான் என் தோளில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தூளியில் தூங்கிப்போனாய். நாளைக்கு உனக்கு ஆண்டு நிறைவு. எனக்குப் பதினெட்டு வயது. நம் இருவர் வயதையும் கூட்டினால்கூட ஒரு பெரிய மனுஷி தேறமாட்டாள். ஆனால் பிள்ளைக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதத் தலை நரைத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நரைத்த பிறகு எழுதினால் நானும் மற்ற அம்மாக்களைப்போல, "அந்த நாளில் நான் எவ்வளவு அடக்கமாக இருந்தேன் தெரியுமா" என்று புளுக ஆரம்பித்துவிடுவேன். அதற்குள் உண்மையை எழுதி உன் ஜாதகத்தோடு வைத்துவிடுகிறேன். ஜாதகத்தில் நடக்கப்போவது இருக்கும், இதில் நடந்தது இருக்கும். எதை நம்புவது என்பது உன் பாடு.

உன்னிடமே நான் பேசுவது இதுதான் முதல் தடவை. சிரிக்காதே, சத்தியம். நம் வீட்டில் மருமகள் மாமனாருக்கு எதிரே நின்று நேராகப் பேசக்கூடாது. உன் பாட்டி நான் வருவதற்கு முன்பே சுவரில் படமாகிவிட்டாள், ஆகவே எனக்காகப் பேச வேறு மனுஷியும் இல்லை. கல்யாணமாகி மயிலாப்பூர் வந்த புதிதில் நான் முற்றத்துத் தூணோடு பேசுவேன். உன் தாத்தா தூணுக்குப் பதில் சொல்வார். தூணுக்கு அலுத்துப்போகும் நேரத்தில் நீ பிறந்தாய். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் தபால்காரன் நீதான். வேலையில் இருந்த காலமெல்லாம் தபாலாபீஸில் இருந்தவருக்கு இது கஷ்டமா என்ன? "டேய் குட்டிப் பயலே, ரசத்துல உப்பு ஜாஸ்தின்னு உங்கம்மாட்ட சொல்லு" என்பார். "கண்ணா, உப்பு ஜாஸ்தி இல்லைடா, ரசம்தான் கம்மின்னு தாத்தாட்ட சொல்லு" என்பேன். ஒட்ட வேண்டிய தபால் தலை கிடையாது, முத்திரை கிடையாது. ஒரே குறை, தபால்காரன் அடிக்கடி நனைந்துவிடுவான்.

உன் அப்பாவுக்குக் கீழ்ப்பாக்கத்தில் வேலை. ஏரியிலிருந்து வரும் தண்ணீரை மணலில் வடிகட்டி ஊருக்கெல்லாம் அனுப்புகிற இடம். அங்கே பெரிய பெரிய தொட்டிகளில் மணல் பரப்பியிருப்பார்கள், அதற்குப் படுக்கை என்று பெயர். "அவர் படுக்கையைப் பார்த்துக்கறார்" என்று நான் பெருமையாகச் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள் ஒருத்தி, "தூங்கறதுக்குச் சம்பளம் குடுக்கற ஆபீஸ் எங்கடி இருக்கு?" என்று கேட்டாள். உண்மையில் தூங்குவது தண்ணீர்தான். மணலின் மேல் நாளடைவில் பச்சையும் பழுப்புமாக வழவழவென்று ஒரு ஆடை படரும். பார்த்தால் குமட்டும். ஆனால் அழுக்கைப் பிடித்து நிறுத்துவது அந்த ஆடைதான் என்று உன் அப்பா சொல்கிறார். தண்ணீர் அதன் வழியாகவும் மணல் வழியாகவும் மெள்ள மெள்ளக் கசிந்து, கீழே தெளிவாக இறங்கும். அவசரப்படுத்தினால் அழுக்கையும் கூட அழைத்துக்கொண்டு வந்துவிடும். ஆடை ரொம்பவும் தடித்துவிட்டால் தொட்டியை வடியவிட்டு, ஆட்கள் இறங்கி மேல்மணலை மட்டும் மண்வெட்டியால் சுரண்டி எடுத்துக் கழுவுவார்கள். சுரண்டிய புதிதில் வரும் தண்ணீரை ஊருக்கு விடக்கூடாது. ஆடை மறுபடி படரும்வரை வெளியே ஓடவிட வேண்டும். புதுப் பெண்டாட்டியை வந்த அன்றே சமையற்கட்டில் விடாதே என்பதுபோல. இந்த உவமை என்னுடையது, உன் அப்பா இதற்குப் பொறுப்பில்லை.

நீ என் வயிற்றில் இருந்தபோது நம் வீட்டுக்குள் குழாய் வந்தது. முற்றத்து மூலையில் பளபளவென்று ஒரு பித்தளைக் குழாய். உன் அப்பா தானே பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல அதைத் திருகிக் காட்டினார். குழாய் முதலில் இருமியது, பிறகு செருமியது, அப்புறம்தான் தண்ணீர் வந்தது. உன் தாத்தா எட்ட நின்றபடி கேட்டார்: "அம்பி, அந்தத் திருகுக்குள்ள என்ன இருக்கு?"

"வாஷர்ப்பா. ஜலம் ஒழுகாம பிடிச்சுக்கும்."

"அது எதால பண்ணினது?"

உன் அப்பாவுக்குப் பொய் வராது. எனக்கு அமோகமாக வரும், ஆனால் நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். நீயோ இன்னும் வேலைக்குச் சேரவில்லை. "தோல்ப்பா" என்றார் உன் அப்பா.

அவ்வளவுதான். தோலால் வந்த தோல்வி. தோல் பட்ட தண்ணீர் மடி ஆசாரத்துக்கு ஆகாது; சமையலுக்கும் குடிக்கவும் கொல்லைக் கிணறுதான் என்று தீர்ப்பாகிவிட்டது. குழாய் கால் அலம்பவும் வாழைமரத்துக்கும் மட்டும். ஊர் முழுக்க உன் அப்பா பார்த்துப் பார்த்துத் தெளியவைத்த தண்ணீரைக் குடித்தது. அவரோ டிராமில் இடிபட்டு வீட்டுக்கு வந்து, அந்தத் தண்ணீரில் காலை அலம்பிக்கொண்டு, கிணற்று ஜலத்தைக் குடித்தார். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. நீ பிறந்த பிறகு நான் சும்மா இருப்பேனா? "கண்ணா, தாத்தா ஜபத்துக்கு உக்காந்துக்கற மான் தோல் எந்த மரத்துல காய்ச்சதுன்னு கேளு" என்றேன். "டேய், மான் தோல் சாஸ்திரத்துல இருக்கு, குழாய் சாஸ்திரத்துல இல்லைன்னு சொல்லு" என்றார். "கோவில்ல மிருதங்கம் வாசிக்கறாளே, கேட்டுட்டு யாராவது ஸ்நானம் பண்றாளான்னு கேளு" என்றேன். "காதால கேக்கறதும் வாயால குடிக்கறதும் ஒண்ணான்னு உங்கம்மாவைக் கேளுடா." இதுதான் உன் தாத்தாவிடம் எனக்குப் பிடிக்காத குணம். சில சமயம் நியாயமாகப் பேசிவிடுவார்.

போன ஐப்பசியில் மழை கொட்டியது. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து, அதில் திறந்த சாக்கடை. சந்து நிரம்பியது, கிணறும் நிரம்பியது. கயிறே இல்லாமல் குனிந்து மொண்டுகொள்ளலாம் என்று நான் குதித்தேன். தண்ணீர் எங்கிருந்து வந்து நிரம்பியது என்று யோசிக்கவில்லை. சில நாளில் உனக்கு வயிறு போக ஆரம்பித்தது. முதலில் பல் முளைக்கிறது என்றார்கள், பிறகு திருஷ்டி என்றார்கள். ஓமமும் வசம்பும் கொடுத்தேன், அதையும் அந்தத் தண்ணீரில்தான். உன் கண் உள்ளே போயிற்று. உச்சியில் துடிக்குமே, அந்த இடம் குழிந்துபோயிற்று. அழுதால் கண்ணீர் வரவில்லை, பிறகு அழவும் இல்லை. உன் தாத்தாவுக்கு மடி பெரிது. எனக்கும் அன்றைக்கு மடிதான் பெரிது, நீ கனமே இல்லாமல் கிடந்தாயே, அந்த மடி. அன்று முழுவதும் நான் யாரையும் கேலி செய்யவில்லை என்றால் உனக்குப் புரியும்.

உன் அப்பா சாந்தோம் பக்கத்திலிருந்து லேடி டாக்டர் ஒருவரை ரிக்‌ஷாவில் அழைத்துவந்தார். உன்னைப் பார்த்துவிட்டு அவர் நேரே கொல்லைக்குப் போய்க் கிணற்றைப் பார்த்தார், சுவருக்கு மேல் எட்டிச் சந்தைப் பார்த்தார்.

"இந்தத் தண்ணியா கொழந்தைக்குக் குடுக்கிறீங்க? வீட்ல பைப்பு இருக்கே?"

"இருக்கு."

"அதை என்ன பண்றீங்க?"

"கால் அலம்பறோம்."

டாக்டர் என் காலைப் பார்த்தார். "உங்க காலுக்கெல்லாம் ஒரு கொறையும் வராது" என்றார். பிறகு அருகில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: "கொழந்தை ரொம்ப வத்திப்போச்சும்மா. குழாய்த் தண்ணியைக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, மருந்துப் பொடியைக் கலந்து, ஸ்பூன் ஸ்பூனா விடாம குடுக்கணும். அதுக்குன்னு தனிப் பாத்திரம். மூடியே இருக்கணும். கையை உள்ள விடக்கூடாது. கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு வாயில படக்கூடாது."

டாக்டரை ரிக்‌ஷாவில் திரும்பக் கொண்டுவிட உன் அப்பா போனார். உன் தாத்தா கோவில் குளத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு நண்பர் வீட்டில் இருந்தார், டாக்டர் வந்ததே அவருக்குத் தெரியாது. நான் சமையற்கட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழாய்க்கு அடியில் வைத்தேன். குடத்தோடு மாற்றிவிடுவது என்று தீர்மானம். அவருக்கு நாக்கில் தெரியப்போகிறதா, நெற்றியில் எழுதியிருக்கப்போகிறதா? நான் பண்ணாத விளையாட்டா? பிறந்த வீட்டில் புளி ஜாடியில் வெல்லம் வைத்தவள், அத்தையின் பஞ்சாங்கத்தில் ஏகாதசியை நகர்த்தியவள். குடம் பாதி நிறைந்தபோது உன் அப்பா திரும்பிவிட்டார்.

"என்னடி பண்றே?"

"திருட்டு. நீங்க பாக்கலைன்னு வெச்சுக்கோங்கோ."

"அப்பா குடிக்கற குடமா?"

"குழந்தைக்குத் தனியா, அவருக்குத் தனியான்னா ஆயிரம் கேள்வி வரும். எல்லாமே இதுன்னா கேள்வியே இல்லை. அவருக்கும் நல்லதுதானே?"

உன் அப்பா குழாயை மூடினார். அவர் கோபிக்கவில்லை. களைத்துப்போன குரலில், "வேண்டாம்டி, அவர் நம்பிக் குடிக்கற ஜலம் அது" என்றார்.

"நம்ம குழந்தை அங்க..."

"குழந்தைக்கு இந்த ஜலம்தான். அப்பா ஒத்துண்டாலும் சரி, ஒத்துக்கலைன்னாலும் சரி, நான் குடுக்கப்போறேன். ஆனா அவர் கண்ணு முன்னால, சொல்லிட்டுக் குடுப்போம். நான் பண்ற உத்தியோகமே இதுதானே? ஊர்ல ஒருத்தராவது வந்து படுக்கையை எட்டிப் பாக்கறாளா? எங்கேயோ குழாயைத் திறக்கறா, கண்ணை மூடிண்டு குழந்தைக்குப் புகட்டறா. சுரண்டின அன்னிக்கு வர ஜலத்தை நான் ஊருக்குத் திறந்துவிட்டா யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. அதனாலதான் விடப்படாது."

நான் குடத்தை வாழைமரத்துக்கு ஊற்றினேன். என் மகனே, நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான், அதுவும் உன் அப்பாவுடையது. குறும்பு பண்ணு, பண்ணாவிட்டால் நீ என் பிள்ளையா என்று எனக்கே சந்தேகம் வரும். புளி ஜாடியில் வெல்லம் வை, நான் அனுமதிக்கிறேன். ஆனால் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, நம்பி, வாயருகே கொண்டுபோகும் டம்ளரில் கை வைக்காதே. அவர் தப்பாகவே நம்பினாலும் சரி.

தாத்தா வந்தார். உன் அப்பா டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொன்னார். தாத்தா உன் தலைமாட்டில் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக உன்னை விளித்துத்தான் பேச்சைத் தொடங்குவார், அன்றைக்கு தபாலை உன்னிடம் கொடுத்தால் நீ தாங்குவாயா என்று பயந்ததுபோல உன் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் பால்காரர் மாட்டோடு வந்து குரல் கொடுத்தார். தண்ணீர் கலக்காமல் கறக்கிறாரா என்று எதிரே நின்று பார்ப்பது தாத்தாவின் நித்திய கர்மம். பழக்க தோஷத்தில் எழுந்து போனார். நான் உன்னை மடியில் போட்டுக்கொண்டு வாசலை ஒட்டிய ரேழியில் இருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"இன்னா சாமி, கொயந்தைக்கு எப்டி கீது?"

"ஜலம்தான் காரணம்கறா. உன் மாடு என்ன தின்கறது? பாலும் ஒத்துக்கலையோ என்னமோ."

"மாட்டுக்கு இன்னா சாமி கொறைச்சலு? புல்லு பண்ணை புல்லு. ஊரு சாக்கடைத் தண்ணி அல்லாத்தியும் மிஷின் வெச்சி இஸ்துக்கினு போயி அங்கதான பாய்ச்சறாங்கோ. இடுப்பு ஒசரம் வளந்து கீது. சோக்கா துன்னுது."

"சாக்கடைத் தண்ணியா!"

"ஆமா சாமி. நீ ஊத்தறது, நான் ஊத்தறது, அல்லாம் அங்கதான் பூடுது. மண்ணு குடிச்சிக்கும், புல்லு மொளைக்கும், மாடு துன்னும். அப்பால நீ காப்பி குடிப்பே."

வேறு நாளாக இருந்தால் நான் அந்தப் பால்காரருக்கு மாலை போட்டிருப்பேன். தாத்தா பாலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, சொம்பைக் கீழே வைக்காமல் நின்றார். இந்தப் பாலைத்தான் அவர் தினமும் நைவேத்தியம் செய்கிறார். கடைசியில் உன்னிடம் குனிந்தார். "டேய் கண்ணா, உங்கப்பாட்டயும் உங்கம்மாட்டயும் சொல்லு. மண்ணு சாக்கடையைப் புல்லாக்கிப் பாலா தர்றதுன்னா, மணல் ஏரி ஜலத்தைத் தெளியவைக்கறதுங்கறதை நான் ஒத்துக்கறேன். ஆனா தோல் தோல்தான். அதுல எனக்குச் சமாதானம் இல்லை." பிறகு பூஜை அலமாரியிலிருந்து தம் சின்ன வெள்ளிச் செம்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

இனி நடந்ததைக் கவனமாகப் படி. அவர் குழாயைத் திருகினார், அந்தத் தோலிருக்கும் குழாயைத் தம் கையால். செம்பை அலம்பினார், பிடித்தார். சமையற்கட்டுக்குக் கொண்டுபோகாமல் முற்றத்தில் குமுட்டி அடுப்பைப் பற்றவைத்துக் கொதிக்கவிட்டார். வெளுத்த துணியால் மூடி ஆறவைத்தார். மருந்துப் பொடி கலந்து, பூஜைக் கரண்டியான உத்தரணியால் உன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். செம்பு காலியானதும் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, தோல் பட்ட தீட்டைப் போக்கிக்கொண்டு வந்தார். மறுபடி உனக்குத் தண்ணீர் வேண்டும். மறுபடி குழாய், குமுட்டி, உத்தரணி, கிணற்றடி. மழை விட்டபாடில்லை. உனக்கு ஒரு டம்ளர் உள்ளே போனால் அவருக்கு ஒரு முழுக்கு. ஐப்பசியில் துலா ஸ்நானத்துக்குக் காவேரிக்குப் போகவில்லையே என்று ஏங்குகிறவர், அந்த ஐப்பசியில் காவேரியே வெட்கப்படும்படி முழுகினார். "அப்பா, நான் பிடிச்சுத் தரேனே" என்று உன் அப்பா கெஞ்சினார். "நீ டிராம் பிடி, போ" என்று பதில். நான் செம்பின் பக்கம் கையை நீட்டியபோது, "டேய், உங்கம்மா விளையாட்டுப் புத்தி, இதுல கை வைக்கப்படாதுன்னு சொல்லு" என்றார். சுருக்கென்றது. ஆனால் பாதி நிறைந்த அந்தக் குடம் எனக்குத் தெரியுமே, அதனால் கையை இழுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தனிப் பாத்திரம், மூடி வைப்பது, உள்ளே கை விடாமல் இருப்பது, எடுப்பதற்கு முன் அலம்புவது, வேறு எதோடும் கலக்காமல் காப்பது, இதையெல்லாம் டாக்டர் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. உன் தாத்தாவுக்கு யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஆயுசு முழுக்க அவர் செய்துவந்தது அதைத்தான். தண்ணீரை மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது. நான் எதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தேனோ, அதுவே உன் தலைமாட்டில் ஈரத் துணியோடு உட்கார்ந்து உன்னைக் காத்தது. மறுபடி வந்த டாக்டர் அந்தச் செம்பையும் துணியையும் பார்த்துவிட்டு, "எங்க நர்ஸுங்களை இவர்கிட்ட அனுப்பணும்" என்றார்.

நீ தேறியதை நாங்கள் எப்படித் தெரிந்துகொண்டோம் தெரியுமா? ஒரு மத்தியானம், அப்போதுதான் முழுகிவிட்டு வந்து உன்னை மடியில் போட்டுக்கொண்ட தாத்தாவை நீ நன்றாக நனைத்தாய். சில நாட்களாக நீ யாரையும் நனைத்திருக்கவில்லை. உன் அப்பா சிரித்துக்கொண்டே அழுதார். தாத்தா அசையாமல் உட்கார்ந்திருந்து, "டேய், தபால் வந்து சேர்ந்துடுத்துன்னு உங்கம்மாட்ட சொல்லு" என்றார். அதன் பிறகு தெருவில் பள்ளம் தோண்டிக் கழிவுக் குழாய் புதைத்தார்கள், சந்துச் சாக்கடையும் அதில் சேர்ந்துவிட்டது. ஒரு குழாய் கொண்டுவருகிறது, ஒரு குழாய் கொண்டுபோகிறது, நடுவில் நாம் கொஞ்ச நேரம் சண்டை போடுகிறோம். தாத்தா இன்றைக்கும் கிணற்று ஜலம்தான் குடிக்கிறார், ஆனால் காய்ச்சிக் குடிக்கிறார். உனக்கான குழாய்த் தண்ணீரும் முழுக்கும் மார்கழிப் பனியிலும் நிற்கவில்லை. வெந்நீரில் குளிக்க மாட்டேன் என்கிறார். இருமல் வந்து தங்கிவிட்டது.

இன்று காலை ஹோமம் செய்துவைக்கிற வாத்தியார் வந்து நாளைக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார். ஹோமம் முடிந்ததும் கும்பத்து ஜலத்தை உன் தலையில் ஊற்றுவார்கள். அவர் போன பிறகு உன் தாத்தா வெள்ளிச் செம்போடு சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். நான் வழக்கம்போல ஒதுங்கி நின்றேன். அவர் தூளியைப் பார்த்தார். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்பலாமா என்று யோசித்தாற்போலக் கொஞ்சம் நின்றார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, இருமலுக்கு நடுவே, "தலையில ஊத்தறச்சே குழந்தை வாயைத் திறந்துடுவான்" என்றார். "கும்பத்துக்கும் குழாய் ஜலம்தான், காய்ச்சி ஆறினது. இனிமே இதை நீயே பிடிச்சு வைம்மா."

என்னிடம். நேராக. பதில் சொல்ல உன்னைத்தான் தேடினேன், பழக்கம். தபால்காரனுக்குத் தூக்கம். அவரை என்னவென்று கூப்பிடுவது என்று இத்தனை நாளும் நான் முடிவுகூடச் செய்திருக்கவில்லை. வாயில் நூறு குறும்பு தயாராக வைத்திருப்பவள், "சரிப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் செம்பை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். கிணற்றடிப் பக்கம் போகவில்லை, வாசல் பக்கம் போனார்.

ஆக, இன்று முதல் உனக்குத் தபால் உத்தியோகம் போய்விட்டது. அதனால்தான் முதல் முதலாக, யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டாத இந்தக் கடிதம், உனக்கே உனக்கு. வெயில் முற்றத்திலிருந்து ஏறிவிட்டது. செம்பை விபூதி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருக்கிறேன், துணி வெளுத்துக் காய்கிறது. இதை மடித்து வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போக வேண்டும். உன் தாத்தா தண்ணீர் பிடித்த பிறகு முழுகுவார். நான் பிடிப்பதற்கு முன்பே முழுகிவிட்டேன். யாரும் சொல்லவில்லை.

ஈரத் தலையோடு,
உன் அம்மா